அரங்கின் அளவும் அவையின் அளவும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பயிற்றும் ஆசிரியர் எவரும் அரங்கின் அளவைக் கூறாமல் அப்பாடத்தை முடிப்பதில்லை. பெருவிரல் 24 கொண்டது ஒரு கோல். அக்கோலால் அகலம் 7, நீளம் 8, உயரம் 1 என்று அரங்கு வகுக்கப்பட்டது. மேலே உத்தரப் பலகைக்கும் கீழே அரங்கின் தளத்திற்கும் இடையே 4 கோல், புகவும் போகவும் இரண்டு வாயில், மூவகை எழினி. இவ்வளவையும் மாணவர் மனப்பாடம் செய்து தேர்விலும் எழுதிவிடுவர். ஆனால் விளக்கைப் பற்றி இளங்கோவடிகள் சொல்லும் ஒரு செய்தியைப் பலரும் விரைந்து கடந்துவிடுகின்றனர். தூணின் நிழல் அரங்கின்மேல் விழாதவாறு விளக்குகளை நிறுத்தினர் என்கிறார் அடிகள். நிழல் விழுந்தால் யாருக்கு இடையூறு? ஆடுபவளுக்கு அன்று, கண்ணை மூடிக்கொண்டாலும் தாளம் பிறழாமல் ஆட வல்லவள் மாதவி. காண்பவருக்கே இடையூறு. கண்ணுக்கும் கலைக்கும் நடுவே ஒரு தூணின் நிழலும் வரலாகாது என்று எண்ணியிருக்கிறது பழந்தமிழரின் அரங்க நூல்.

அரங்கின் அளவு இத்துணை நுட்பமாகக் கிடைக்க, அவையின் அளவு கிடைக்கவில்லை. காண வந்தோர் எவ்வழியே வந்தனர், எங்கே அமர்ந்தனர், நடக்க இயலாதார் வந்தனரா, கண்ணொளி இல்லாதார் யாழும் குழலும் கேட்க வந்தனரா என்னும் வினாக்களுக்குக் காப்பியத்தில் விடையில்லை. அதனைக் காப்பியத்தின் குறை எனல் பொருந்தாது. அஃது அரசன்முன் நிகழ்ந்த அரங்கேற்றம். ஆயின் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்றுள்ள அருங்காட்சியகங்களும் கலைக்கூடங்களும் நாடக மன்றங்களும் அரசன் அவைகள் அல்லவே. அவற்றுட் பெரும்பாலானவை பொதுமக்களின் வரிப்பணத்தில் எழுந்தவை. அங்கே படியேற இயலாதவர், பார்வையற்றவர், செவிப்புலன் குன்றியவர், நெடுநேரம் ஓரிடத்தில் அமைதியாக இருக்க இயலாதவர் ஆகியோர் அவையோராக எண்ணப்படுகின்றனரா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

குணம் பெற வந்தோர், உணவு பெற வந்தோர்

உடற்குறையுடையோரைத் தமிழிலக்கியம் மறந்துவிடவில்லை. அவர்களை எவ்விடத்தில், எதன்பொருட்டுக் கொண்டுவந்து நிறுத்துகிறது என்பதைத்தான் ஊன்றிப் பார்த்தல் வேண்டும்.

புறநானூற்றின் 28 ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு அறிவுரை கூறுகையில், குருடு, கூன், குறள், ஊமை, செவிடு முதலாக எட்டுவகைப் பிறப்புகளை அடுக்குகிறார். எதற்காக? பயனற்ற பிறப்புக்கு எடுத்துக்காட்டாக. சங்கப் பாட்டு என்பதற்காக இக்கருத்தைப் போற்ற வேண்டியதில்லை. அக்காலத்து உலகம் அவ்வாறு எண்ணியது என்று மாணவர்க்குச் சொல்லிவிடுவதே நேர்மை. மழுப்பலான உரை பயன்தராது.

சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து ஐந்து மன்றங்களுள் ஒன்று இலஞ்சி மன்றம். கூனரும் குறளரும் ஊமரும் செவிடரும் தொழுநோயரும் அங்குள்ள பொய்கையில் மூழ்கி, வலம் வந்து, குறை நீங்கிப் போவர் என்பது இந்திரவிழவு ஊரெடுத்த காதை கூறும் செய்தி. நகரமே விழாக்கோலம் பூண்டிருக்கும் நேரம் அது. ஆடலும் பாடலும் தெருவெங்கும் நிகழ்கின்றன. அந்நேரத்தில் உடற்குறையுடையோர் காப்பியத்தில் தோன்றும் இடம் அந்தப் பொய்கைக்கரை ஒன்றே. குறை நீங்கிய பிறகுதான் அவர்களுக்கு விழா. மணிமேகலையிலோ ஆபுத்திரன் மதுரையில் வீடுதோறும் இரந்து, கண்ணில்லாதவர், காது கேளாதவர், கால் முடமானவர், நோயாளர் அனைவரையும் அழைத்து, அவர் உண்டு எஞ்சியதைத் தான் உண்கிறான். உலக இலக்கியத்திலேயே உயர்ந்த அறக்காட்சிகளுள் அஃது ஒன்று. ஆயினும் அங்கும் அவர்கள் வருவது சோற்றுக்காக. ஒரு காப்பியத்தில் மருத்துவம், மற்றொன்றில் உணவு. இரண்டிலும் இரக்கம் உண்டு. ஆடல் காண இருக்கை இல்லை.

திருக்குறள் இவ்வகையில் தனித்து நிற்கிறது என்பாரும் உளர். 618 ஆம் குறளில் வரும் ‘பொறி’ என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர் ‘விதி’ எனப் பொருள் கண்டார். ‘உடலுறுப்பு’ எனப் பொருள் கொள்வோரும் இருக்கின்றனர். பின்னதை ஏற்றால் உறுப்புக் குறை எவர்க்கும் பழியன்று எனக் குறள் பேசுகிறது. வகுப்பில் இரண்டு பொருளையும் வைத்து மாணவரை வாதிடச் செய்யலாம். நல்ல பாடமாக அமையும்.

கயிறும் தோளும்

இரப்பவராகவும் நோயாளராகவும் அன்றி, பணி செய்பவராகவும் கலை நுகர்பவராகவும் உடற்குறையுடையோர் தமிழ் மரபில் வரும் இடங்கள் சிலவே. அவற்றுள் இரண்டு தனியே எண்ணத்தக்கவை.

முதலாவது சேக்கிழார் பாடும் தண்டியடிகள் வரலாறு. பிறவியிலேயே பார்வையற்ற அவர் திருவாரூர்க் குளத்தைத் தூர்வார முற்படுகிறார். குளத்தின் உள்ளே ஒரு கோல், கரையில் ஒரு கோல் நட்டு, இரண்டையும் இணைத்துக் கயிறு கட்டுகிறார். அக்கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டிக் கூடையில் எடுத்து, அதனையே தடவிக்கொண்டு கரையேறிக் கொட்டுகிறார். கதையின் முடிவில் அவர் இறையருளால் கண் பெறுகிறார். எனினும் பணியைத் தொடங்கியதும் நெடுநாள் நடத்தியதும் பார்வையின்றியே என்பதை மறத்தலாகாது. அவருக்கு அப்பொழுது வேண்டியிருந்தவை இரண்டு கோலும் ஒரு கயிறுமே. அவற்றையும் பறித்தெறிந்தவர்கள் இருந்தனர் என்கிறது பெரியபுராணம்.

இரண்டாவது இரட்டைப் புலவர் வரலாறு. இளஞ்சூரியர், முதுசூரியர் என்னும் இருவரில் ஒருவர் கண்ணில்லாதவர், மற்றவர் கால் வழங்காதவர். காலில்லாதவரைக் கண்ணில்லாதவர் தோளில் சுமந்து ஊர் ஊராகச் சென்றனர் என்பது வழிவழி வரும் செய்தி. தில்லைக் கலம்பகமும் திருவாமாத்தூர்க் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் அவர்கள் பாடியவை. உலா என்பது வீதியில் பவனி வரும் தலைவனையும், அவனைக் கண்டு மயங்கும் எழுபருவ மகளிரையும் பாடும் நூல். முழுதும் கண்ணால் காணும் காட்சி. அந்நூலைப் பாடிய இருவருள் ஒருவர் பார்வையற்றவர் எனின், தோள்மேல் இருந்தவர் கண்டதைச் சொல்ல, கீழே நடந்தவர் கேட்டதைச் சொல்லாக்கினார் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. ஒருவர்க்குக் காலும் மற்றவர்க்குக் கண்ணும் கிடைத்தன. கோயில்களும் கோபுரங்களும் அவ்விருவர்க்கும் எட்டின. பிற்காலத்து அந்தகக்கவி வீரராகவ முதலியார்க்கு எழுத்துகளை முதுகில் எழுதிக் காட்டிக் கல்வி புகட்டினர் என்று கூறுவதும் இவ்வகையினதே. கண்வழி அடைபட்டபோது கல்வி தோலின் வழியே சென்றது.

இவ்வரலாறுகளிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. கலைக்கூடத்திற்கு வரும் உடற்குறையுடையவர் நோயாளர் அல்லர், இரவலரும் அல்லர், சுவைஞர். அவருக்கு வேண்டியது கயிறும் தோளும் போன்ற வழி. இந்த அளவுகோலை இன்றைய கலையிடங்கள்மீது வைத்துப் பார்த்தால் சில நல்லனவும் பல அல்லனவும் புலனாகும்.

சட்டமும் சாய்தளமும்

உடற்குறையுடையோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை 2006 இல் நிறைவேறியது. மலேசியா 2010 இலும் சிங்கப்பூர் 2013 இலும் அதனை ஏற்று உறுதி செய்தன. அதன் 30 ஆம் பிரிவு பண்பாட்டு வாழ்வைப் பற்றியது. நாடக அரங்கு, அருங்காட்சியகம், நூலகம், நினைவுச் சின்னம் ஆகியவற்றிற்குள் செல்லும் உரிமையை அது கூறுகிறது. அத்துடன் நில்லாமல், உடற்குறையுடையோர் தம் படைப்பாற்றலை வளர்த்துப் பயன்படுத்தவும் வாய்ப்பு வேண்டும் என்கிறது. இந்தப் பின்பகுதியைப் பெரும்பாலோர் படிப்பதேயில்லை. மலேசியாவில் 2008 இல் உடற்குறையுடையோர் சட்டம் இயற்றப்பட்டது. பண்பாட்டு வாழ்வில் பங்குகொள்ளும் உரிமை அதில் இடம்பெற்றது. ஆனால் மீறுவோர்க்கு இன்ன தண்டனை என்று அச்சட்டம் இயற்றப்பட்ட நாளில் வரையறுக்கவில்லை. சிங்கப்பூரில் 1990 இலேயே கட்டடங்களில் தடையற்ற வழி அமைப்பதற்கான விதித்தொகுப்பு வந்தது. பின்னர்ப் பலமுறை திருத்தப்பட்டது. விதி எழுதப்பட்ட இடத்தில் கட்டடங்கள் ஓரளவு மாறியிருக்கின்றன. எழுதாத இடத்தில் மனிதரின் நல்லெண்ணத்தை நம்பியே இருக்க வேண்டியிருக்கிறது.

சாய்தளம் என்பது மிக எளிய பொருள். ஆயினும் அதில்தான் எத்தனை பிழைகள்! உயரம் 1 பங்கு எனின் நீளம் 12 பங்கு இருத்தல் வேண்டும் என்பது பல நாடுகளும் ஏற்றுள்ள கணக்கு. ஒரு படி 15 சென்டிமீட்டர் என்று வைத்து, வாயிலில் 6 படிகள் இருந்தால் உயரம் 90 சென்டிமீட்டர். சாய்தளத்தின் நீளம் 10 மீட்டர் 80 சென்டிமீட்டர் ஆக வேண்டும். நான்காம் வகுப்பு மாணவன் போடக்கூடிய கணக்கு. இடமில்லை என்று கூறி அதனை 4 மீட்டரில் முடித்துவிட்டு, அருகே நீல நிறப் பலகையில் சக்கர நாற்காலியின் படத்தையும் மாட்டிவிடுகின்றனர். அத்தளத்தில் தானே சக்கரத்தை உருட்டி ஏறுபவர் பாதியில் பின்னோக்கிச் சரிவார். இறங்குபவரின் நிலை அதனினும் கொடிது. பலகை இருப்பதாலேயே அது வழியாகிவிடாது.

மற்றொரு பிழை சாய்தளம் வைக்கும் இடத்தைப் பற்றியது. முன்வாயிலில் தோரணமும் குத்துவிளக்கும் பன்னீரும் சந்தனமும் இருக்க, சக்கர நாற்காலியில் வருபவரைக் குப்பைத் தொட்டியும் சமையற்கட்டும் உள்ள பின்வாயில் வழியாக அழைத்துச் செல்லும் மண்டபங்கள் குறைவல்ல. அவர் உள்ளே வந்துவிட்டார் என்பது உண்மையே. ஆனால் வரவேற்கப்படவில்லை. விருந்தோம்பலைப் பெருமையாகப் பேசும் இனத்தார்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

பழங்கட்டடம் என்பது நல்லதொரு காரணமாகக் காட்டப்படுகிறது. சிங்கப்பூரின் தேசியக் கலைக்கூடம் இக்காரணத்திற்கு ஒரு மறுமொழி. 1929 இல் முடிந்த நகர மண்டபத்தையும் 1939 இல் முடிந்த பழைய உச்ச நீதிமன்றத்தையும் ஒன்றாக இணைத்து 2015 இல் திறக்கப்பட்டது அது. பாடாங் திடலை நோக்கி நிற்கும் நகர மண்டபத்தின் அகன்ற படிக்கட்டு வரலாற்றில் இடம்பெற்றது. 1945 செப்டம்பர் 12 இல் சப்பானியர் சரணடைந்த ஆவணம் கையெழுத்தானது அக்கட்டடத்தில்தான். ஏறுபவன் தன்னைச் சிறியவனாக உணர வேண்டும் என்பதற்காகவே ஆட்சியாளர் கட்டும் படிக்கட்டு அவ்வகையது. அதனை இடிக்கவில்லை, ஆனால் அப்படியை மிதிக்காமலே உள்ளே புகவும், மின்தூக்கியில் மாடங்களுக்குச் செல்லவும் வழி செய்தனர். கூட்டமும் ஓசையும் தாங்காத குழந்தைகளும் பெரியவர்களும் சற்றே ஒதுங்கியிருக்க அமைதி அறை ஒன்றும் அங்கே உண்டு. பழமையும் போகவில்லை, மனிதரும் வெளியே நிற்கவில்லை.

தண்டியடிகளின் கயிற்றைப் பறித்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் பகைவர் அல்லர் என்பதே வேடிக்கை. பார்வையற்றோர் காலாலும் கோலாலும் உணர்ந்து நடப்பதற்காகத் தரையில் மேடு வைத்த மஞ்சள் ஓடுகள் பதிக்கப்படுகின்றன. விழா நாளில் அதே ஓடுகளின்மேல் காலணிகள் குவிகின்றன; வரவேற்புப் பதாகை நிற்கிறது; பூச்சாடி ஏறுகிறது; மலர்க்கோலமும் சில நேரம் அங்கேயே இடப்படுகிறது. கோலமிட்ட கைகளுக்குத் தீய எண்ணம் இல்லை. அந்த ஓடு எதற்காக என்று எவரும் அக்கைகளுக்குச் சொல்லவில்லை. அவ்வளவே.

கையால் காண்பது

உள்ளே சென்றபின் என்ன கிடைக்கிறது என்பது அடுத்த வினா. இதனைத்தான் மிகுதியாக எண்ணிப்பார்த்தல் வேண்டும். சாய்தளமும் மின்தூக்கியும் ஒருவரைக் கலைப்பொருளின் முன்னே கொண்டுபோய் நிறுத்துமே தவிர, கலையைக் காட்டுவதில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தவரின் கண்மட்டம் தரையிலிருந்து ஏறத்தாழ 110 முதல் 120 சென்டிமீட்டர். நிற்பவரின் கண்மட்டத்திற்கு வைத்த கண்ணாடிப் பேழையில் அவர் காண்பது பேழையின் அடிப்பலகையும் விளக்கின் ஒளித்தெறிப்புமே. அரங்கில் தூண்நிழல் விழலாகாது என்றார் அடிகள். இங்கே பேழையே தூணாகிவிட்டது.

சிங்கப்பூர்க் கேம்பல் சந்தில் 2015 இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தில் செட்டிநாட்டு வாயில்நிலை ஒன்று இருக்கிறது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சார்ந்த அதில் ஆயிரக்கணக்கான நுண்செதுக்கல்கள் உள்ளன. பார்வையுடையவர் அதன்முன் சிறிது நேரம் நின்று, வியந்து, படமெடுத்துக்கொண்டு நகர்வர். பார்வையற்ற ஒருவருக்கு அந்நிலை எது? ‘மரத்தால் செய்தது, வேலைப்பாடு மிகுந்தது’ என்று பக்கத்தில் நிற்பவர் சொல்லும் இரண்டு சொல்தானா? உளியால் குடைந்து குடைந்து செய்த பொருள் அது. செதுக்கிய தச்சனின் விரலும் மரத்தைத் தடவித் தடவியே ஆழம் பார்த்திருக்கும். இவ்வகைக் கலையைக் கண்ணைவிடக் கை நன்கு அறியும்.

தொட்டால் பொருள் கெடும் என்பது காப்பாளர் கூறும் தடை. அது பொய்யன்று. விரலின் வியர்வையில் உள்ள உப்பும் எண்ணெயும் மரத்தையும் உலோகத்தையும் காலப்போக்கில் அரிக்கும். ஆயினும் இத்தடையைக் கடந்த வழிகள் புதியன அல்ல. இங்கிலாந்தின் சண்டர்லாந்து அருங்காட்சியகத்தில் சார்ல்டன் டீசு என்னும் காப்பாளர் 1913 இலேயே பார்வையற்றோரை அழைத்து, பாடம் செய்யப்பட்ட விலங்குகளையும் பிற பொருள்களையும் தொட்டறியச் செய்தார். பார்வையற்ற சிறுவர்கள் தாம் தொட்டவற்றைப் பின்னர்க் களிமண்ணில் செய்துகாட்டினர். இத்தாலியின் அங்கோனா நகரில் ஓமர் பெயரால் 1993 இல் தோன்றிய அருங்காட்சியகம் தொடுவதற்கென்றே அமைந்தது. புகழ்பெற்ற சிற்பங்களின் படிகளை வருவோர் கையால் முழுமையாகத் தடவிப் பார்க்கலாம். அதனை எண்ணித் தொடங்கியவர்கள் பார்வையற்ற கணவனும் மனைவியும். மாட்ரிடிலுள்ள பிராடோ அருங்காட்சியகம் 2015 இல் ஓவியங்கள் சிலவற்றைப் புடைப்புருவமாக்கி விரலுக்குக் காட்டியது. மூலப்பொருளைத் தொட வேண்டியதில்லை; நல்லதொரு படி போதும். செட்டிநாட்டுக் கதவின் ஒரு முழ அளவுத் துண்டை, அதே மரத்தில், அதே ஆழத்தில் செதுக்கி வைக்கக்கூடிய தச்சர் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றனர். அதனைத் தொட்டுப் பார்க்கக் கண்ணுள்ளவரும் வரிசையில் நிற்பர்.

பிரெயில் எழுத்தில் பெயர்ப்பலகை வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவாரும் உளர். பெயர்ப்பலகை பெயரைச் சொல்லும், பொருளைக் காட்டாது. அன்றியும் பிரெயிலைக் கற்ற மொழியில்தான் ஒருவர் படிக்க முடியும். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951 இல் வகுக்கப்பட்டது. தமிழுக்கும் அதில் இடமுண்டு. இந்நாடுகளில் தமிழ் பேசும் பார்வையற்றவர் எம்மொழியில் பிரெயில் பயின்றவர் என்று முதலில் அவரையே கேட்டறிதல் நன்று.

கட்டியங்காரன் செய்த வேலை

1981 இல் வாசிங்டன் நகரின் அரீனா மேடையில் ஒரு புதிய ஏற்பாடு தொடங்கியது. நாடகத்தில் உரையாடல் இல்லாத இடைவெளிகளில், மேடையில் நிகழ்வதை ஒருவர் மெல்லிய குரலில் விவரிக்க, பார்வையற்றோர் சிறு கருவியைக் காதில் வைத்துக் கேட்டனர். இதனை வளர்த்த மார்கரெட் பான்சுடீல் என்னும் அம்மையார் தாமும் பார்வை இழந்தவர். இன்று உலகின் பெரிய அரங்குகள் பலவற்றிலும் இம்முறை வழங்குகிறது.

தமிழ்க் கூத்தை அறிந்தோர்க்கு இஃது அயலான செய்தியாகத் தோன்றாது. தெருக்கூத்தில் வேடக்காரன் நேரே வந்து நிற்பதில்லை. இருவர் பிடிக்கும் திரைக்குப் பின்னே நின்று, தான் யார், எவ்வூரான், எத்தகைய வீரன், எவ்வணி பூண்டு வருகிறான் என்று பாடுகிறான். கட்டியங்காரன் குறுக்கே புகுந்து கேள்வி கேட்டு, வேடிக்கை பேசி, அவன் வருகையை அறிவிக்கிறான். அதன் பின்னரே திரை விலகும். கண்ணால் காண்பதற்கு முன்பே காதுக்கு எல்லாம் வந்து சேர்ந்துவிடுகிறது. இரவெல்லாம் மங்கிய வெளிச்சத்தில், தொலைவில் அமர்ந்திருப்பவர்க்காக ஏற்பட்ட உத்தி அதுவென்று கொள்ளலாம். எதற்காக ஏற்பட்டதாயினும் பார்வையற்ற ஒருவர் கூத்தைப் பின்தொடர அது போதும். வில்லுப்பாட்டிலும் கதை முழுதும் சொல்லிலேயே நிகழ்கிறது. கூத்துக் களம் சமதரை. மக்கள் மூன்று புறமும் சூழ்ந்து அமர்வர். ஏற ஒரு படியும் இல்லை. படியும் மேடையும் முன்திரையும் கொண்ட நாடகக் கொட்டகை வந்தபோது தமிழ் நாடகம் பெற்றது பல. இழந்தவற்றுள் இவ்விரண்டும் அடங்கும். இக்காலத்துத் தமிழ் நாடகக் குழுவினர் விவரிப்புக் குரலை மேலைநாட்டுப் புதுமை எனக் கருதி ஒதுக்காமல், கட்டியங்காரனுக்கு மீண்டும் ஒரு வேலை கொடுப்பதாகக் கருதித் தொடங்கலாம்.

பரதநாட்டியத்தில் கைமுத்திரை இருப்பதால் காது கேளாதோர்க்கு அது தானே விளங்கும் என்று சிலர் மேடையில் கூறுவதுண்டு. இக்கூற்று அரைகுறை. முத்திரை ஒரு குறியீட்டு மரபு. சைகைமொழி தனக்கென இலக்கணமுடைய மொழி. மலேசியச் சைகைமொழியை 2008 ஆம் ஆண்டுச் சட்டமே ஏற்றுக்கொண்டது. சைகைமொழி பேசுபவர் நாட்டியத்தின் கையசைவைக் கூர்ந்து நோக்கக்கூடும். ஆனால் பாடலின் பொருள் அவருக்கு எழுத்தாகவோ சைகையாகவோ வந்தாக வேண்டும். பதம் பாடப்படும்போது அதன் பொருளைத் திரையின் ஓரத்தில் எழுத்து வரிகளாகக் காட்டுவது பெருஞ்செலவும் அன்று. தெலுங்குப் பதத்திற்கு ஆடும்போது அவ்வரிகளை அவையோர் அனைவருமே நன்றியுடன் படிப்பர்.

செவிப்புலன் குன்றியோர் தமிழ் விழாக்களில் படும் துன்பம் தனி. ஒலிபெருக்கி அங்கே பெருக்குவது ஒலியை, சொல்லை அன்று. சுவர் அதிர, கூரை அதிர, காதுக் கருவி அணிந்த முதியவர் அதனைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். மண்டபத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுற்று அமைத்து ஒலிவாங்கியோடு இணைத்தால், அதில் எழும் காந்தப்புலத்தைக் காதுக் கருவியினுள் இருக்கும் சுருள் நேரே பற்றிக்கொள்ளும். இரைச்சலும் எதிரொலியும் இன்றிப் பேச்சு மட்டும் காதில் விழும். இவ்வசதியைப் பெறக் காதுக் கருவியில் அச்சுருள் இருத்தல் வேண்டும், பலவற்றில் உண்டு. இதற்கும் முன்னே, காசின்றிச் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பேச்சாளர் ஒலிவாங்கியால் வாயை மறைக்காமல், முகத்தில் வெளிச்சம் விழ நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் பொருள் உணர்வோர்க்குப் பேருதவி. சொற்பொழிவாளர் சிலர்க்கு இது தெரிந்தால் நேரமும் மிச்சமாகக்கூடும்.

மேடையின்மேல்

அவைக்கு வழி செய்த மண்டபங்களும் மேடைக்கு வழி செய்ய மறந்துவிடுகின்றன. சக்கர நாற்காலிக்கு அவையின் கடைசி வரிசையில் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். உடன் வந்த நண்பர் வேறு வரிசையில் அமர வேண்டியிருக்கும். அதனையும் பொறுத்துக்கொள்ளலாம். கவிதைப் போட்டியில் பரிசு பெற்றவர் சக்கர நாற்காலியில் வந்திருந்தால் என்ன நிகழ்கிறது? அவர் பெயர் அறிவிக்கப்படும். மேடைக்கு 5 படி. தலைமை தாங்குபவர் இறங்கி வந்து கீழே பொன்னாடை போர்த்துவார், அல்லது நான்கு இளைஞர்கள் நாற்காலியோடு அவரைத் தூக்குவர், கைதட்டல் எழும். தூக்கியவர்களின் அன்பில் ஐயமில்லை. ஆனால் அக்கைதட்டல் கவிதைக்கு உரியதாக இருந்திருக்க வேண்டும். மண்டபத்தை வரைந்தவர் மனத்தில் உடற்குறையுடையவர் கேட்பவராக மட்டுமே தோன்றினார். பாடுபவராக, ஆடுபவராக, தலைமை தாங்குபவராகத் தோன்றவில்லை. உடன்படிக்கையின் 30 ஆம் பிரிவில் படிக்கப்படாத பகுதி என்று மேலே சுட்டியது இதனையே. இரட்டைப் புலவர் இன்று ஓர் இலக்கிய விழாவுக்கு வந்தால் அவருள் ஒருவர் மேடைக்குக் கீழேயே நின்றுவிட நேரும்.

பள்ளிச் சுற்றுலா

இவையெல்லாம் பெருநகரத்துப் பெருமண்டபங்களின் செய்தி என்று தோட்டப்புறத்து ஆசிரியர் ஒதுங்கிவிட முடியாது. கெடாவில் மெர்போக்கிலுள்ள பூசாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் தமிழ்ப்பள்ளிகளின் சுற்றுலாப் பட்டியலில் இடம்பெறத்தக்கது. கடாரத்தின் பெயரைப் பாடநூலில் படித்த மாணவர்க்கு அதனைக் காட்ட அதனினும் தக்க இடமில்லை. பத்து பாகாட் குன்றின் சண்டி எனப்படும் பழங்கோயிலின் கல் அடித்தளம் குனோங் செராய் மலைச்சரிவில் இருக்கிறது. உளியால் செதுக்கிய கல் என்பது அப்பெயரின் பொருள். 1930களில் குவாரிச் வேல்சு அதனை அகழ்ந்தாய்ந்தார். 1960 ஆம் ஆண்டை ஒட்டி அலஸ்டர் லாம் அதனை மீண்டும் அடுக்கி நிறுத்தினார். கருவறை ஒரு பகுதியாகவும் மண்டபம் ஒரு பகுதியாகவும் அமைந்த அக்கோயிலின் மேற்கூரை அழியும் பொருளால் ஆனது. இன்று கல் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

சரிவில் ஏறித்தான் அதனைக் காண வேண்டும். கால் வழங்காத மாணவன் ஒருவன் வகுப்பில் இருந்தால் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும்போதே அவன் பெயர் மெல்ல நழுவிவிடுகிறது. ‘அவனுக்குக் கஷ்டம், பாவம்’ என்பது காரணம். பெற்றோரும் ஒப்புக்கொள்வர்; மற்றவர்க்குத் தொல்லை வேண்டாமே என்பர். அவன் அன்று வீட்டில் இருப்பான். அடுத்த வாரம் ‘என் சுற்றுலா’ என்று கட்டுரை எழுதச் சொல்லும்போது, அவனும் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருக்கும்.

மலையைச் சமன் செய்ய எவராலும் இயலாது, செய்யவும் கூடாது. ஆனால் சரிவின் கீழே, சமதரையில், அக்கோயிலின் மாதிரி ஒன்றைக் கல்லிலோ மரத்திலோ செய்து, கருவறை இது, மண்டபம் இது, தூண் நின்ற குழி இது என்று கையால் அறியும்படி வைக்கலாம். நடக்க இயலாத மாணவனுக்கும் பார்வையற்ற மாணவனுக்கும் அது கோயிலைக் காட்டும். மேலே ஏறிவந்த மாணவரும் எதைக் கண்டோம் என்பதை அங்கேதான் தெளிவாக அறிவர். கற்குவியலைக் கண்டு ‘இவ்வளவுதானா’ என்று கேட்கும் பிள்ளைகள் பலர். அத்தகைய மாதிரி கிடைக்கும் வரை பள்ளியே அதனைக் களிமண்ணில் செய்துகொள்ளலாம். அடித்தளத்தின் படத்தைப் பார்த்து ஆறாம் வகுப்பு மாணவர்கள் ஒரு வாரக் கைவேலைப் பாடத்தில் செய்து முடிப்பர். வேல்சும் லாமும் செய்த வேலையின் சிறு பகுதியை அவர்கள் கைகளும் செய்ததாகும். ஏற இயலாதவனே அக்குழுவுக்குத் தலைவனாக இருந்து, மற்றவர் மேலே சென்று அளந்து வரும் அளவுகளை வாங்கி மாதிரியைத் திருத்தலாம்.

அதற்கு முன், அவன் பேருந்தில் ஏற வேண்டும். வாடகைக்கு எடுக்கும் பேருந்தின் வாயிலில் எத்தனை படி, முதற்படி தரையிலிருந்து எவ்வளவு உயரம், சக்கர நாற்காலியை மடித்து வைக்க இடமுண்டா, அருங்காட்சியகத்தின் கழிவறைக் கதவின் அகலம் என்ன என்பவற்றை முன்னரே தொலைபேசியில் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது சுற்றுலாவுக்குப் பொறுப்பேற்கும் ஆசிரியரின் வேலை. ஒரு பக்கத் தாளில் அடங்கிவிடும்.